பார்வர்ட் செய்யும் முன் 'ஸனத்' கேட்கும் பல்கலைக்கழகங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்து, இமெயில் அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்கி, மொபைலில் இருக்கும் வாட்ஸ்அப்பை மானிட்டரிலும் திறந்து வைத்துவிட்டால், நாம் மிக வேகமாகக் கற்றுக் கொள்ளும் வேலை ஒன்று உண்டு. அதுதான் பார்வர்ட் செய்வது. பைலை எந்த போல்டரில் சேவ் செய்தோம் என்பது மறந்து போகும். பிரிண்டரை எப்படி இணைப்பது என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவோம். ஆனால் பார்வர்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் சொல்லித் தரும் இடங்களில் எம்.எஸ். ஆபீஸ் முதல் பைத்தான் வரை கற்றுத் தருகிறார்கள். நமக்கு வந்த ஒரு செய்தியை நம்பலாமா, அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று எப்படி முடிவு செய்வது? இதற்குப் பாடம் கிடையாது. நான் பொறியியல் படித்தபோது 'புரபஷனல் எதிக்ஸ்' என்று ஒரு பேப்பர் இருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு படித்து எழுதினோம், காலையில் மறந்தோம்.

இதை வேறு மாதிரி சொல்லித் தரும் இடங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். எங்கள் டீமில் இந்தோனேஷியாவின் யோக்யகர்த்தா நகரைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். 'மாஸ்' என்றுதான் அவரை அழைப்போம். ஜாவா மொழியில் அண்ணன் என்று பொருள். அங்குள்ள அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். ஒரு நாள் இன்டர்நெட்டில் எங்கோ கிடைத்த நாற்பது வரி கோடை அப்படியே காப்பி செய்து புராஜக்டில் சேர்த்து அனுப்பினேன். அதைச் சரி பார்த்த அவர், "இதற்கு ஸனத் என்ன, தம்பி?" என்று சிரித்துக் கொண்டே கேட்டார். எனக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. எழுதியவர் யார், அதை யாரிடமிருந்து எடுத்தாய், இடையில் யாராவது மாற்றினார்களா என்று விளக்கினார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த நாற்பது வரிகளையும் நீக்கினேன்.

ஸனத் என்றால் என்ன?

இஸ்லாமிய நண்பர்களுக்குத் தெரிந்த சொல்தான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நபிகள் நாயகத்தின் சொல், செயல் பற்றிய செய்திகள் ஹதீஸ் எனப்படும். ஒவ்வொரு ஹதீஸிலும் இரண்டு பகுதிகள் உண்டு. இன்னார் சொன்னதை இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று வரும் அறிவிப்பாளர் தொடர் முதல் பகுதி. இதுவே ஸனத். அந்தத் தொடர் கொண்டு வந்து சேர்க்கும் செய்தி இரண்டாவது பகுதி. அதன் பெயர் மத்ன். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், ஒன்று ஹெடர், மற்றொன்று மெசேஜ்.

அரசியலுக்காகவும் குழுச் சண்டைகளுக்காகவும் பொய்யான ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்கள் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இருந்தார்கள். அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு முழுத் துறையே உருவானது. ஒவ்வொரு அறிவிப்பாளரின் பிறப்பு, இறப்பு, ஊர், ஆசிரியர், மாணவர், குணம், ஞாபக சக்தி எல்லாவற்றையும் பதிவு செய்து பெரிய பெரிய தொகுப்புகள் எழுதினார்கள். இன்றைய மொழியில் டேட்டாபேஸ் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம், அறிவிப்பாளரை இரண்டு தனித்தனி அளவுகோல்களால் எடை போடுவது. ஒன்று நேர்மை, மற்றொன்று கேட்டதைப் பிசகாமல் வைத்திருக்கும் திறமை. நல்ல மனிதர், பொய்யே சொல்ல மாட்டார், ஆனால் ஞாபகம் சரியில்லை என்றால் அவர் சொன்ன செய்தி பலவீனமானது என்று எழுதி வைத்துவிடுவார்கள். அவரை அவமதிப்பதற்காக அல்ல. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் பெரியப்பாவை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் அனுப்பியது தவறு என்று சொன்னால், "பெரியப்பா பொய் சொல்கிறார் என்கிறாயா?" என்று உடனே சண்டை வரும். நல்லவரா என்பதும் சரியாகச் சொல்பவரா என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தேதியில் மாட்டிய போலி

பாக்தாத்தில் வாழ்ந்த அல் கதீப் அல் பக்தாதி (1002-1071) என்ற அறிஞரிடம் ஒரு பழைய ஆவணம் கொண்டு வரப்பட்டது. கைபர் பகுதி யூதர்களுக்கு வரி விலக்கு அளித்து நபிகளே கொடுத்தது என்று அதில் இருந்தது. சாட்சிகளின் பெயர்களும் இருந்தன. அவர் படித்துப் பார்த்துவிட்டுப் போலி என்றார். காரணம் இதுதான். கைபர் வெற்றி நடந்தது 628ம் ஆண்டு. சாட்சிகளில் ஒருவரான முஆவியா இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின்போது, அதாவது 630ல். இன்னொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் 627லேயே இறந்துவிட்டார். ஒருவர் இன்னும் வரவில்லை, மற்றொருவர் உயிரோடு இல்லை. எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்?

இதே துப்பறிதல் நம் காலத்திலும் நடந்தது. 2017ல் பாகிஸ்தானில் ஒரு பெரிய வழக்கில், 2006 பிப்ரவரி தேதியிட்ட ஓர் ஆவணம் தாக்கலானது. அது கலிப்ரி என்ற எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருந்தது. உங்கள் வேர்ட் தொகுப்பில் இருக்கிறதே, அதே கலிப்ரிதான். விண்டோஸ் விஸ்டா, ஆபீஸ் 2007 ஆகியவற்றுடன் 2007ல்தான் அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது என்பதை விசாரணைக் குழு சுட்டிக் காட்டியது. பாக்தாத் அறிஞர் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

பல்கலைக்கழகத்தில் இது எப்படி வந்தது?

இந்தோனேஷியாவில் மத அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அரசு இஸ்லாமிய உயர்கல்வி நிறுவனங்கள் 50க்கும் மேல் உள்ளன. முதலில் இவை மார்க்கக் கல்வி மட்டும் தரும் இடங்களாக இருந்தன. 2002ல் ஜகார்த்தாவில் இருந்த நிறுவனம் முழுப் பல்கலைக்கழகமாக மாறியது. 2004ல் யோக்யகர்த்தாவின் சுனன் கலிஜகாவும் மலாங் நகரில் உள்ளதும் அப்படி மாறின. அறிவியல், தொழில் நுட்பப் பிரிவுகள் வந்தன. கம்ப்யூட்டர் படிப்பும் வந்தது.

அப்போது சுனன் கலிஜகாவின் தலைமைப் பொறுப்பில் இருந்த அமீன் அப்துல்லா, மார்க்கக் கல்வியும் அறிவியலும் தனித்தனி அறைகளில் இருக்கக் கூடாது, சிலந்தி வலை போல ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இதன்படி அங்கே கம்ப்யூட்டர் மாணவரும் குர்ஆன்-ஹதீஸ், நல்லொழுக்கம் போன்ற பாடங்களைப் படித்தாக வேண்டும். காலையில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், மதியம் ஸனத். இரண்டையும் ஒரே தலையில் ஏற்றினால் தானாகவே கலந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மாஸும் அப்படிச் சொல்லவில்லை. கல்லூரியில் அதையும் மனப்பாடம் செய்துதான் எழுதினேன், 2016ல்தான் அது எதற்கு என்று புரிந்தது என்றார்.

ஒரு சொல் விடுபட்டது

2016 செப்டம்பரில் ஜகார்த்தா கவர்னர் ஒரு தீவுப் பகுதியில் பேசினார். அவர் கிறிஸ்தவர்; சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். குர்ஆன் வசனம் ஒன்றைப் பயன்படுத்தி உங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் அந்தப் பேச்சில் வந்தது. நீளமான அந்த வீடியோவிலிருந்து அரை நிமிடம் போல ஒரு துண்டை ஒருவர் பேஸ்புக்கில் போட்டார். கூடவே எழுதிய வரியில் 'பகாய்' என்ற ஒரு சொல் இல்லை. 'கொண்டு' அல்லது 'பயன்படுத்தி' என்பது அதன் பொருள். தமிழில் வைத்துப் பாருங்கள். 'வசனத்தைக் கொண்டு ஏமாற்றுகிறார்கள்' என்பது ஒன்று. 'வசனம் ஏமாற்றுகிறது' என்பது முற்றிலும் வேறு.

அந்தத் துண்டு எத்தனை கைகள் மாறியது என்று எண்ண முடியாது. டிசம்பரில் ஜகார்த்தா தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். 2017 மே மாதம் கவர்னருக்கு மத நிந்தனை வழக்கில் 2 ஆண்டு சிறை. நவம்பரில் வீடியோவைப் போட்டவருக்கு 18 மாத சிறை; தான் எடிட் செய்யவில்லை என்பது அவருடைய வாதம். முழுப் பேச்சும் புண்படுத்துவதுதான் என்று கருதியவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. முழு வீடியோவைப் பார்க்காமலேயே கருத்துச் சொன்னவர்களும் பார்வர்ட் செய்தவர்களும் படித்தவர்களிலும் நிறைய பேர் என்பதுதான் மாஸ் சொன்னது. தானும் ஒருவன் என்றார்.

ஃபத்வாவில் ஒரு செக் லிஸ்ட்

2017 மே மாதம் இந்தோனேஷிய உலமா கவுன்சில், சமூக வலைத்தளங்களில் நடந்து கொள்ளும் முறை பற்றி 24ம் எண் ஃபத்வாவை, அதாவது மார்க்கத் தீர்ப்பை, வெளியிட்டது. தயாரித்த கமிஷனின் தலைவரும் செயலாளரும் ஜகார்த்தா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள். வகுப்பறைப் பாடம் இதில் நேராக வந்து இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

புறம் பேசுதல், அவதூறு, கோள் சொல்லுதல், பொய்ச் செய்தி பரப்புதல் எல்லாம் ஹராம் என்கிறது. இது எதிர்பார்த்ததுதான். காசுக்குப் பொய்ச் செய்தி பரப்பும் தொழிலும், அதற்கு ஆர்டர் கொடுப்பதும் ஹராம். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. ஒரு செய்தி வந்தால் உடனே பரப்பக் கூடாது. முதலில் ஸனத்தைப் பார்க்க வேண்டும், அதாவது சொன்னவரின் தகுதியும் நம்பகத்தன்மையும். பிறகு மத்னைப் பார்க்க வேண்டும், அதாவது செய்தியின் உள்ளடக்கமும் நோக்கமும். அடுத்து அது எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன பின்னணியில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஹதீஸ் வகுப்பில் வரும் அதே சொற்களை அப்படியே பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் வைத்திருக்கிறார்கள். நல்ல செய்தி எல்லாம் உண்மை ஆகிவிடாது, உண்மையான செய்தி எல்லாம் பயனுள்ளது ஆகிவிடாது, உண்மை என்பதற்காகவே எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை என்றும் அது விளக்குகிறது.

மற்றொரு பெரிய இயக்கமான முகம்மதியா, 160க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்களை நடத்துகிறது. 2018 ஜனவரியில் மக்காசர் நகரில் கூடிய அதன் அறிஞர்கள் தகவலுக்கான மார்க்கச் சட்டம் என்றே ஒரு தொகுப்பை விவாதித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கவர்னர் பேச்சு விவகாரத்தில் 2016 அக்டோபரில் அவருக்கு எதிராகக் கருத்து வெளியிட்டதும் இதே உலமா கவுன்சில்தான். பெரிய போராட்டங்களுக்கு அதுவும் ஒரு காரணம். எட்டு மாதத்துக்குள் நிதானமாக விசாரித்துப் பரப்புங்கள் என்ற ஃபத்வா வந்தபோது, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் செக் லிஸ்ட் நல்ல செக் லிஸ்ட்தான். யார் எப்போது எழுதினார்கள் என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது.

பைரேட்டட் சி.டி. கதை

ஃபத்வா வந்தால் எல்லாரும் மாறிவிடுவார்களா என்றால், அதற்கும் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. நூல், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் மீதான உரிமையை மீறுவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமியச் சட்ட அகாடமி 1988லேயே குவைத் கூட்டத்தில் தீர்மானித்தது. இந்தோனேஷிய உலமா கவுன்சிலும் 2003ல் காப்புரிமை பற்றியும், 2005ல் அறிவுசார் சொத்துரிமை பற்றியும் ஃபத்வா கொடுத்தது. சாப்ட்வேர் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2017ம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டில், இந்தோனேஷியாவில் லைசென்ஸ் இல்லாத சாப்ட்வேரின் பங்கு 83 சதவீதம். நாம் சிரிக்க வேண்டாம். இந்தியாவுக்கு 56 சதவீதம். உங்கள் புதிய கம்ப்யூட்டரில் கடைக்காரர் 'எல்லாம் போட்டுக் கொடுத்த' சாப்ட்வேர்களின் ஸனத்தையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கிராக் செய்யப்பட்ட புரோகிராமில் இடையில் கை வைத்தவர் யார் என்றே தெரியாது. வைரஸ் அந்த வழியிலும் நுழையும்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஸனத் பார்ப்பது எப்படி?

இமெயிலில் ஸனத் நிஜமாகவே இருக்கிறது. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, சந்தேகமான மெயிலுக்குள் செல்லுங்கள். ரிப்ளை அடையாளத்துக்கு அருகே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பக்கத்தில் நிறைய வரிகள் வரும். பயப்பட வேண்டாம். அவற்றில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள்தான் அறிவிப்பாளர் தொடர். மெயிலைக் கைமாற்றிய ஒவ்வொரு சர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் மேலே மேலே எழுதிச் செல்லும். எனவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே இருப்பது உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர் எழுதியது, நம்பலாம். கீழே உள்ளவற்றை அனுப்பியவரே போலியாக எழுதியிருக்க முடியும். பொய் ஹதீஸ் தயாரித்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். தொடரின் பழைய பகுதியில் புகழ்பெற்ற பெயர்களை ஒட்டினார்கள். அதனால்தான் அதே பக்கத்தின் மேற்பகுதியில் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு தரப்பட்டிருக்கும். உங்கள் வங்கியின் பெயரில் வந்த மெயிலில் 'பெயில்' என்று இருந்தால் லிங்க்கில் கிளிக் செய்யாமல் அழித்துவிடவும். 'பாஸ்' என்று இருந்தாலும் எந்த டொமைனுக்கு பாஸ் என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். போலி டொமைனுக்கும் பாஸ் வாங்க முடியும். நேர்மை வேறு, அடையாளம் வேறு.

வாட்ஸ்அப்பில் கதை வேறு. பார்வர்ட் செய்ததும் முந்தைய அனுப்புநரின் பெயர் மறைந்து போகும். ஹதீஸ் துறையில் இடையில் ஆள் விடுபட்ட தொடருக்கு முன்கதிஃ என்று பெயர். யாரென்றே தெரியாத அறிவிப்பாளர் மஜ்ஹூல். இரண்டுமே பலவீனம். இந்தக் கணக்குப்படி வாட்ஸ்அப் பார்வர்ட் ஒவ்வொன்றும் பிறவியிலேயே பலவீனமான செய்தி. இரட்டை அம்புக்குறியோடு 'பார்வர்டட் மெனி டைம்ஸ்' என்று வந்தால், தொடக்கத்திலிருந்து குறைந்தது ஐந்து கை மாறிவிட்டது என்று அர்த்தம். 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் மரணங்கள் இருக்கின்றன. 2017 மார்ச்சில் இந்தோனேஷியாவின் மேற்கு கலிமந்தானில் குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்கு வந்த வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த மூதாட்டி ஒருவர் அதே வதந்தியால் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் பார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றப்பட்டது.

படங்களுக்கு இன்னும் கஷ்டம். போட்டோ பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் எடுத்த தேதியும் கேமராவும் தெரியும். ஆனால் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக வந்த படத்தில் இவை நீக்கப்பட்டிருக்கும். கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடினால், பல வருடங்களுக்கு முன் வேறு நாட்டில் எடுத்தது என்று பல சமயம் தெரிந்துவிடும்.

இப்போது ஏ.ஐ. புரோகிராம்கள் படத்தையும் குரலையும் பிழையில்லாமல் செய்து தருகின்றன. எழுத்துப் பிழை, கோணல் விரல் என்று மத்னில் குற்றம் கண்டுபிடிக்கும் காலம் முடிந்து வருகிறது. மிச்சம் இருப்பது ஸனத் மட்டுமே. அடோபி, மைக்ரோசாப்ட், பி.பி.சி. உள்ளிட்ட நிறுவனங்கள் 2021ல் ஒரு கூட்டமைப்பு தொடங்கி, படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது, யார் எதில் திருத்தினார் என்பதைப் படத்துடனேயே டிஜிட்டல் கையெழுத்தாகக் கொண்டு செல்லும் முறையை உருவாக்கியுள்ளன. மாஸிடம் இதைக் காட்டினேன். "இதற்கு இப்போதுதான் கமிட்டி போட்டார்களா?" என்றார்.

அந்த ஃபத்வாவில் இன்னொரு சிறு விதி உண்டு. சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ளக் கேட்பதையும் குரூப்பில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். குரூப்பில் கேட்டால் சரி பார்க்காத செய்தி இன்னும் பரவும் என்பது அதன் காரணம். பெரியப்பாவுக்கு நான் இப்போது இப்படித்தான் தனியாக ஒரு வரி அனுப்புகிறேன்: "பெரியப்பா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" முதல் இரண்டு முறை பதில் வரவில்லை. மூன்றாவது முறை, "தெரியலப்பா, டெலிட் பண்ணிட்டேன்" என்று வந்தது.